பேறுகால விடுப்புக்குப் பிறகு பகுதிநேர வேலை: வீட்டுக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் தனியார் கம்பெனிகளில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்களுக்கானது. மாநில அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு இருக்கிறது. அவர்கள் கணக்கு வேறு.

கீழே வரும் கணக்குகளில் பெரும்பாலும் ஒரே உதாரணம்தான் வரும். முழுநேர மொத்தச் சம்பளம் 45,000 ரூபாய், அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 22,500. வாரத்தில் ஐந்து நாள் வேலை மூன்று நாளாகிறது, அதனால் சம்பளம் 60 சதவீதமாகி 27,000 ஆகிறது, பேசிக் 13,500 ஆகிறது. குழந்தைக் காப்பகக் கட்டணம், பயணச் செலவு எல்லாம் நாங்களாக வைத்த தொகைகள். அந்த இடங்களில் உங்கள் வீட்டுத் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

26 வார விடுப்பு முடிந்ததும் பகுதிநேரமாக வருகிறேன் என்று கேட்பது என் உரிமையா?

உரிமை இல்லை. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம், வேலையின் தன்மை இடம்கொடுத்தால் விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்கிறது. அதுவும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான். வேலை நேரத்தைக் குறைத்துத் தரவேண்டும் என்று எந்தப் பிரிவும் கம்பெனியைக் கட்டாயப்படுத்தவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. இந்த விஷயத்தில் அது எதையும் மாற்றவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நீங்கள் விடுப்பில் இருக்கும்போது உங்களுக்குப் பாதகமாக வேலை நிபந்தனைகளை மாற்றக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. "இனிமேல் உனக்கு அரைச் சம்பளம்தான்" என்று கம்பெனி தானாக முடிவெடுக்க முடியாது. பகுதிநேரம் என்பது நீங்கள் கேட்டு, அவர்கள் சம்மதித்து, எழுத்தில் வரவேண்டிய ஒன்று.

சம்பளம் 40 சதவீதம் குறைகிறது. மிச்சமும் அதே அளவுதானே குறையும்?

அதைவிட அதிகமாகக் குறையும். பலர் சறுக்குவது இங்கேதான்.

முழுநேரத்தில் 45,000இல் பி.எஃப். 2,700 பிடிப்பார்கள். அரையாண்டுக்கு 1,250 தொழில் வரி என்றால் மாதத்துக்கு சுமார் 208. கைக்கு 42,092 வரும். காப்பகம் 9,000, 22 நாள் பயணம் 3,300, வெளிச்சாப்பாடு, காபி, சில்லறை 2,200. ஆக, வேலைக்குப் போவதற்கே 14,500 செலவு. மிச்சம் 27,592.

பகுதிநேரத்தில் 27,000இல் பி.எஃப். 1,620. அரையாண்டு வருமானம் இன்னும் 75,000க்கு மேல் இருப்பதால் தொழில் வரி அதே 208தான். கைக்கு 25,172. மாதத்தில் 13 நாள் போகிறீர்கள். பயணம் 1,950, சில்லறை 1,300. காப்பகம் முழு மாதக் கட்டணமே வாங்கினால் 9,000. மிச்சம் 12,922. சம்பளத்தில் 40 சதவீதம்தான் போனது, மிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

இதே இடத்தில் காப்பகம் வருகிற நாளுக்கு மட்டும் கணக்கிட்டு 5,400 வாங்கினால் மிச்சம் 16,522. ஒரே ஒரு பேச்சுவார்த்தையில் மாதம் 3,600 வித்தியாசம். அதனால் எச்.ஆரிடம் பேசுவதற்கு முன் காப்பகத்தில் பேசிவிடுங்கள்.

மூன்று முழு நாளா, ஐந்து அரை நாளா?

செலவை மட்டும் பார்த்தால் மூன்று முழு நாள் மேல். அரை நாளுக்கும் போக வர ஆகும் பணமும் நேரமும் முழுசுதான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் போகிறவர்களுக்குப் பணம் ஒரு பொருட்டில்லை, பெண்களுக்கு அது இலவசம். நேரம் மிச்சமாகாது.

சட்டக் கணக்கில் ஐந்து அரை நாளுக்கு ஒரு சாதகம் உண்டு. பல சலுகைகளுக்கு "எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள்" என்பதுதான் அளவுகோல், எத்தனை மணி நேரம் என்பது இல்லை. வாரம் மூன்று நாள் என்றால் வருடத்துக்கு 156. ஐந்து அரை நாள் என்றால் 260. கிராஜுவிட்டியில் (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடையில்) தொடர்ச்சியான பணி பற்றித் தகராறு வந்தால், வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனத்தில் 190 நாள் என்ற எண்ணைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள். 156 அதற்குக் கீழே. வேலை இடைவெளியில்லாமல் தொடர்கிறது, வராத நாட்கள் ஒப்பந்தப்படியானவை என்று கடிதத்தில் இருந்தால் அந்த வாதத்துக்கு இடமில்லாமல் போகும்.

அரை நாள் வேலை மாலை ஐந்து மணிவரை நீளும் இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட அலுவலகம் என்றால் யோசிக்கவே வேண்டாம், மூன்று நாளைக் கேளுங்கள்.

காப்பகத்தில் சேர்க்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

முன்பணம் எவ்வளவு, திரும்ப வருமா. வராத நாளுக்குக் கழிவு உண்டா. நாளை மாற்றிக்கொள்ள முடியுமா (திங்கள் விடுமுறையானால் செவ்வாய் விடலாமா). தாமதமாக அழைத்துப் போனால் எவ்வளவு. காய்ச்சல் என்றால் சேர்க்க மாட்டார்கள், அது சரியும்கூட. ஆனால் அன்றைக்கும் கட்டணம் ஓடும், உங்கள் விடுப்பும் போகும். முதல் ஆறு மாதத்தில் குழந்தை மாதம் ஒரு முறையாவது சளி பிடித்துப் படுக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒன்றரை நாள் சம்பளத்தைப் பட்ஜெட்டில் தனியாக ஒதுக்கினால் மாதக் கடைசியில் திணற வேண்டியிருக்காது.

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் என்றால் காப்பக வசதி தருவது சட்டக் கடமை. நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளையும் உண்டு. பகுதிநேரம் என்பதால் இவை மறைந்துவிடாது.

அம்மாவையோ மாமியாரையோ ஊரிலிருந்து வரவழைக்கிறீர்களா? அதை இலவசம் என்று எழுதாதீர்கள். பஸ், ரயில் செலவு, மாத்திரை, ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கான செலவு எல்லாம் சேர்த்து ஒரு வரி எழுதுங்கள். கையில் ஒரு தொகையும் கொடுங்கள். கேட்க மாட்டார்கள், அதனால்தான் கொடுக்க வேண்டும்.

கிராஜுவிட்டிக்கு என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கிராஜுவிட்டியைக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில்தான் கணக்கிடுவார்கள். கடைசி மாத பேசிக்கை (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். நீங்கள் பகுதிநேரச் சம்பளத்தில் இருக்கும்போது வேலையை விட்டால், முழுநேரம் உழைத்த ஆண்டுகளுக்கும் சேர்த்துக் குறைந்த சம்பளத்திலேயே கணக்கு முடியும்.

உதாரணத்தில் ஏழு ஆண்டு முழுநேரம் முடித்து விலகினால் 22,500 பேசிக்குக்கு 90,865 ரூபாய். அப்போது விலகாமல் ஒரு வருடம் பகுதிநேரம் பார்த்து எட்டாவது ஆண்டில் விலகினால் 13,500 பேசிக்குக்கு 62,308. ஒரு வருடம் கூடுதலாக உழைத்ததற்கு 28,557 ரூபாய் குறைவு. பகுதிநேரத்திலிருந்து முழுநேரத்துக்குத் திரும்பி, ஒன்பதாவது ஆண்டு முடிந்து விலகினால் 1,16,827.

ஆகவே இரண்டு வழி. ஒன்று, வேலையை விடுவதாக இருந்தால் முழுநேரத்துக்குத் திரும்பிய பிறகு விடுங்கள். இரண்டு, பகுதிநேரத்துக்கு மாறும் கடிதத்திலேயே "இந்தத் தேதிவரையான பணிக்கு முழுநேரச் சம்பளத்திலும், அதன் பிறகான பணிக்குக் குறைந்த சம்பளத்திலும் கிராஜுவிட்டி கணக்கிடப்படும்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். உடல் ஊனமடைந்து குறைந்த சம்பளத்தில் தொடர்பவருக்குச் சட்டமே இப்படி இரண்டாகப் பிரித்துக் கணக்கிடச் சொல்கிறது. தாய்மார்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சட்டம் தருவதைவிடக் கூடுதலாக ஒப்பந்தத்தில் தருவதற்குத் தடையே இல்லை. எச்.ஆரில் பலருக்கு இந்தப் பிரச்சினையே தெரியாது. சொன்னால் புரிந்துகொள்வார்கள், அவர்களுக்கும் இது பெரிய தொகை இல்லை.

ஒரு துணைச் செய்தி: புதிய தொகுப்புச் சட்டப்படி, அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகச் சேரும். பேசிக்கை 30 சதவீதத்தில் வைத்திருந்த கம்பெனிகளில் இது கணக்கை உயர்த்தும்.

பி.எஃப். எப்படி?

கிராஜுவிட்டி அளவுக்குக் கவலை இல்லை. சேர்ந்தது சேர்ந்ததுதான், இனிச் சேர்வது குறையும். பேசிக் 13,500இல் உங்கள் 1,620, கம்பெனியின் 1,620. கம்பெனி பங்கிலிருந்து ஓய்வூதியத்துக்குப் போகும் 8.33 சதவீதம், 15,000 ரூபாய் வரம்புக்குக் கீழே வந்துவிட்டதால் 1,250இலிருந்து சுமார் 1,125 ஆகும். ஓய்வூதியம் கடைசி 60 மாதச் சராசரியில் கணக்கிடப்படுவதால் முப்பது வயதில் இரண்டு வருடம் குறைவது பெரிய பாதிப்பு இல்லை. ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டுப் பணியில் பகுதிநேர ஆண்டுகளும் சேரும்.

"கொஞ்ச நாள் கஷ்டம், பி.எஃப். எடுத்துக்கொள்ளலாம்" என்று தோன்றும். கடைசி வழியாக வையுங்கள். எடுத்த பணத்தைத் திரும்பப் போட முடியாது.

பகுதிநேரச் சம்பளம் 21,000க்குக் கீழே வந்துவிட்டது. ஈ.எஸ்.ஐ. (அரசின் ஊழியர் காப்பீடு) பிடிக்கிறார்கள். நல்லதா, கெட்டதா?

32,000 வாங்கியவர் 60 சதவீதத்துக்கு மாறினால் 19,200. ஈ.எஸ்.ஐ. வரம்பு 21,000, அதனால் உள்ளே வந்துவிடுவார். உங்களிடம் 0.75 சதவீதம், அதாவது 144 ரூபாய். கம்பெனி 3.25 சதவீதம், 624 ரூபாய். குடும்பத்துக்கு மருத்துவ வசதி கிடைக்கும். மோசமில்லை. ஆனால் ஈ.எஸ்.ஐ. வந்ததும் குரூப் மெடிக்ளெய்ம் (கம்பெனி எடுத்துத் தரும் மருத்துவக் காப்பீடு) பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும் கம்பெனிகள் உண்டு. குழந்தை மருத்துவர் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரி அந்தப் பாலிசியில்தான் வரும் என்றால் நஷ்டம் உங்களுக்கு. மாறும் முன் கேளுங்கள்.

சம்பளம் பிறகு 21,000ஐத் தாண்டினாலும் அந்தப் பங்களிப்புக் காலம் (ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்) முடியும்வரை பிடித்தமும் சலுகையும் தொடரும்.

இரண்டாவது குழந்தைக்கும் யோசிக்கிறோம். பகுதிநேரம் எதைப் பாதிக்கும்?

இரண்டு விஷயங்களை. முதலாவது தொகை. பேறுகால ஊதியம், விடுப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியை வைத்துத்தான். மாதச் சம்பளமாகவே தரும் கம்பெனிகளில் 26 வாரத்துக்கு, அதாவது ஆறு மாதத்துக்கு, 2,70,000 வந்த இடத்தில் 1,62,000 வரும். முடிந்தால் விடுப்புக்கு முன் மூன்று மாதமாவது முழுநேரத்துக்குத் திரும்புங்கள். வாந்தியும் மயக்கமுமாக இருக்கும்போது இதைச் சொல்வது எளிது என்பது தெரியும். ஆனாலும் லட்ச ரூபாய்க் கணக்கு.

இரண்டாவது தகுதி. பிரசவ எதிர்பார்ப்புத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். வாரம் மூன்று நாள் வீதம் 26 வாரம் போனால் 78 நாள். இரண்டு நாள் குறையும்! சம்பளத்துடன் கூடிய சட்டப்படியான விடுமுறை நாட்களும் கணக்கில் சேரும் என்பதால் பெரும்பாலும் தாண்டிவிடும். ஆனாலும் குழந்தைகளுக்கு இடைவெளி குறைவாக இருந்தால் நாட்காட்டியை வைத்து எண்ணிப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்குப் பணம் ஈ.எஸ்.ஐ.யிடமிருந்து வரும். அங்கே முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாள் பங்களிப்பு வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் அடுத்ததற்கு 26 வாரம் கிடையாது, 12 வாரம்தான்.

"பகுதிநேர வேலை இல்லை, கன்சல்டன்டாக பில் போடுங்கள்" என்கிறார்கள். அதே 27,000 தருவார்களாம். சம்மதிக்கலாமா?

அதே தொகைக்குச் சம்மதிக்க வேண்டாம். நீங்கள் இழப்பதைக் கூட்டிப் பாருங்கள். கம்பெனியின் பி.எஃப். பங்கு 1,620. கிராஜுவிட்டி மாதத்துக்குச் சுமார் 650. விடுப்பும் பண்டிகை நாளுமாக வருடத்தில் 18 நாள் சம்பளம், வருடச் சம்பளத்தை 156 வேலை நாளால் வகுத்து ஒரு நாள் சம்பளத்தைக் கண்டுபிடித்தால், அது மாதத்துக்குச் சுமார் 3,100. சொந்தமாகக் குடும்ப மருத்துவக் காப்பீடு எடுக்க 1,500 என்று வைத்தால் மொத்தம் 6,870. 34,000க்குக் கீழே போனால் உங்களுக்கு நஷ்டம். இரண்டாவது பேறுகால ஊதியமும் போய்விடும். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பில்லில் வழக்கமாக 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். 34,000க்கு மாதம் 3,400, வருடத்துக்கு 40,800. வேறு வருமானம் இல்லையென்றால் வரியே கிடையாது, அத்தனையும் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். ஆனால் அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இருக்காது. மாத பட்ஜெட்டை 30,600க்குப் போடுங்கள்.

சம்மதிப்பதாக இருந்தால் பழைய வேலையின் கிராஜுவிட்டியை முழுச் சம்பளத்தில் வாங்கிவிட்டு மாறுங்கள். கம்பெனி மெடிக்ளெய்ம் நிற்கும் முன்பே அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாற்றிக் கேளுங்கள், காத்திருப்புக் காலம் பல சமயம் மிச்சமாகும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

வீட்டுக் கடன் தவணையைக் குறைக்க காலத்தை நீட்டிக்கலாமா?

நினைப்பதைவிடக் குறைவாகத்தான் உதவும். 40 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை 34,713. 25 வருடமாக்கினால் 32,209. மாதம் 2,504 மிச்சம், மொத்த வட்டியில் 13 லட்சத்துக்கு மேல் கூடுதல். அதே கடனின் தொடக்கத்தில் மூன்று லட்சம் முன்கூட்டியே கட்டி, காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைக்கச் சொன்னால் சுமார் 2,600 குறையும். மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனுக்கு முன்கட்டணத் தண்டம் கிடையாது. வங்கிகள் தானாகக் காலத்தைத்தான் குறைக்கும், "தவணையைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் கையிருப்பு மூன்று மாதச் செலவுக்குக் கீழே போகிற மாதிரி இதைச் செய்யாதீர்கள். அப்படிப்பட்ட நிலை என்றால் காலத்தை நீட்டிப்பதே மேல். எதுவானாலும் ஒரு தவணை தவறுவதற்கு முன் வங்கிக்குப் போங்கள். தவறிய பிறகு பேச்சின் தொனியே வேறு.

சீட்டும் நகைச் சீட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது?

எடுத்துவிட்ட சீட்டு கடன் மாதிரி, கடைசிவரை கட்டித்தான் ஆக வேண்டும். எடுக்காத சீட்டு என்றால், பதிவு பெற்ற கம்பெனியில் வேறு ஆளுக்கு மாற்றித்தர வழி உண்டு, இரண்டு தவணை பாக்கி விழுவதற்கு முன் கேளுங்கள். நகைச் சீட்டில் நடுவில் நிறுத்தினால் போனஸ் போய்விடும். அதனால் ஓடுவதை முடித்துவிடுங்கள், புதிது தொடங்காதீர்கள்.

செல்வமகள் கணக்கை மூடத் தேவையில்லை. வருடத்துக்கு 250 ரூபாய் போட்டால் உயிரோடு இருக்கும். பி.பி.எஃப்.க்கு 500.

வருமான வரியில் ஏதாவது லாபம் உண்டா?

2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில், சம்பளக்காரருக்கு 12.75 லட்சம்வரை வரி இல்லை. எங்கள் உதாரணத்தில் முழுநேரத்திலும் இல்லை, பகுதிநேரத்திலும் இல்லை.

குடும்பமாகப் பார்த்தால் ஒரு வழி உண்டு. கணவர் உங்களுக்குப் பணம் கொடுத்தால் அதற்கு வரி கிடையாது. ஆனால் அந்தப் பணத்தை உங்கள் பெயரில் டெபாசிட் போட்டால் வட்டி கணவரின் வருமானத்தில் சேரும். அதனால் வீட்டுச் செலவை அவர் சம்பளத்தில் பாருங்கள், உங்கள் சம்பளத்தைச் சேமியுங்கள். வட்டி உங்கள் கணக்கில் நிற்கும். பகுதிநேரத்தில் இருக்கும் பெண்ணின் பெயரில் சேமிப்பு வளர்வதற்கு இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. "உன் சம்பளம் காப்பகத்துக்கே சரியாய்ப் போச்சு" என்ற பேச்சுக்கும் இடமிருக்காது. காப்பகம் இரண்டு பேருடைய குழந்தைக்குத்தானே.

சில மாதம் பார்த்துவிட்டு வேலையை விட்டால் பேறுகால ஊதியத்தைத் திருப்பிக் கேட்பார்களா?

அதைத் திருப்பி வாங்க சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை. நோட்டீஸ் காலச் சம்பளம் வேறு விஷயம், அது உங்கள் வேலை ஒப்பந்தப்படி. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரு தொகையைச் சொன்னால் பிரித்து எழுத்தில் கேளுங்கள்.

கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாள், எந்தெந்தக் கிழமை. மொத்தச் சம்பளம், பேசிக், பி.எஃப். பிடிக்கும் அடிப்படை. பணி தொடர்ச்சி உடைபடவில்லை என்ற வாக்கியம். மேலே சொன்ன கிராஜுவிட்டி வரி. மெடிக்ளெய்ம் தொடரும் என்பதும், குழந்தையின் பெயர் சேர்க்கப்பட்டது என்பதும் (பிறந்த குழந்தையைச் சேர்க்கப் பாலிசிகளில் கெடு உண்டு, விடுப்பிலேயே முடித்துவிடுங்கள்). விடுப்பு நாட்கள் எந்த விகிதத்தில் குறையும். வராத நாளில் கூப்பிட்டால் ஊதியமா, மாற்று விடுப்பா.

கடைசியாக, திரும்பும் வழி: "12 மாதத்துக்குப் பிறகு, ஒரு மாத முன்னறிவிப்பில் அதே பதவிக்கு முழுநேரமாகத் திரும்பலாம்." கிராஜுவிட்டியும் அடுத்த பேறுகால ஊதியமும் இந்த வரியை நம்பித்தான் இருக்கின்றன. கம்பெனி இதற்குச் சம்மதிக்காவிட்டால், பகுதிநேரத்துக்கு முன் மீதமிருக்கும் விடுப்பையும் வீட்டிலிருந்து வேலையையும் கேட்டுப் பாருங்கள். சம்பளக் குறைப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.